கஞ்சாவின் உண்மையைக் கேட்ட மேயர்

நியூயார்க் நகரத்தில் வானத்தைத் தொடும் கட்டிடங்கள் அதிகம். அந்த நகரத்தை 12 ஆண்டுகள் கட்டி ஆண்ட மேயரோ குள்ளமானவர். அவருடைய உயரம் 5 அடி 2 அங்குலம்தான்!

அவர் பெயர் பியரெல்லோ லாகார்டியா. பியரெல்லோ என்றால் இத்தாலி மொழியில் சின்னப் பூ என்று பொருள்.

பெயர்தான் பூ. கோபம் வந்தால் அவர் புயல்!

சூதாட்டக்காரர்களை விரட்டினார். லஞ்சத்தை ஒழிக்கப் பாடுபட்டார். ஏழைகளுக்கு வீடு கட்டினார். விமான நிலையம் அமைத்தார். இவை எல்லாம் ஊரறிந்த செய்திகள்.

அவர் செய்த இன்னொரு காரியம் பலருக்குத் தெரியாது.

அமெரிக்கா முழுவதும் கஞ்சாவைக் கண்டு நடுங்கிய காலம் அது. கஞ்சாவைப் பற்றிச் சொல்லப்படுவது எல்லாம் உண்மைதானா என்று அப்போது கேட்டவர் அவர். கேட்டதோடு நிற்கவில்லை. டாக்டர்களைக் கூட்டி ஆராயச் செய்தார்.

அந்த ஆராய்ச்சிக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. வசவுதான்!

கெட்டுப்போன இறைச்சி

லாகார்டியா 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தார்.

தந்தை இத்தாலி நாட்டுக்காரர். சங்கீதம் தெரிந்தவர். தாய் யூதப் பெண். டிரியஸ்ட் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தவர். பிழைப்பைத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய குடும்பம் அது.

தந்தைக்கு அமெரிக்க ராணுவத்தில் பாண்டு மாஸ்டர் வேலை கிடைத்தது. ஆகவே, லாகார்டியா ராணுவ முகாம்களிலேயே வளர்ந்தார். அரிசோனா என்ற வறண்ட பிரதேசத்தில் பள்ளிக்கூடம் போனார்.

1898-ம் ஆண்டு அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் சண்டை மூண்டது. தந்தையின் படைப்பிரிவு போருக்குப் புறப்பட்டது.

ராணுவத்துக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுத்த வியாபாரிகள், கெட்டுப்போன இறைச்சியைத் தகர டப்பாவில் அடைத்துத் தலையில் கட்டிவிட்டார்கள். அதைத் தின்ற சிப்பாய்கள் பலர் நோயில் விழுந்தார்கள். லாகார்டியாவின் தந்தையும் அதில் ஒருவர்.

எதிரியின் குண்டு அவர் மீது படவில்லை. சொந்த நாட்டு வியாபாரியின் பேராசை அவரை வீழ்த்திவிட்டது. ராணுவம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. போன உடல்நலம் திரும்பி வரவில்லை. 1904-ம் ஆண்டில் அவர் காலமானார்.

இந்தக் காயம் மகனின் மனதில் கடைசி வரை ஆறவில்லை.

கப்பல் ஏறும் முன்

தந்தை நோயுற்றதும் குடும்பம் டிரியஸ்ட் நகரத்துக்குத் திரும்பியது. வாலிபர் லாகார்டியா அமெரிக்கத் தூதர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 21 வயதிலேயே பியூம் துறைமுகத்தில் அமெரிக்காவின் பிரதிநிதி ஆனார்.

பியூமில் இருந்து ஏழைக் குடியானவர்கள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குப் போவார்கள். நிலத்தை விற்று டிக்கெட் வாங்கியவர்களும் அவர்களில் உண்டு.

நியூயார்க் போய்ச் சேர்ந்ததும் டாக்டர்கள் சோதிப்பார்கள். கண்நோய் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையில் காசும் இருக்காது. ஊரில் நிலமும் இருக்காது.

லாகார்டியா இதைக் கண்டு துடித்தார். கப்பல் ஏறும் முன்பே டாக்டர் சோதிக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். கப்பல் கம்பெனி எதிர்த்தது. மேல் அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

முதலில் சோதித்துப் பார்க்கவேண்டும். பிறகு முடிவு செய்யவேண்டும். இந்தப் பழக்கம் அவருக்கு அங்கேயே வந்துவிட்டது.

இரவில் சட்டப் படிப்பு

1906-ம் ஆண்டு அவர் நியூயார்க் திரும்பினார். இத்தாலி, ஜெர்மன், குரோஷியன், பிரெஞ்சு என்று பல மொழிகள் அவருக்குத் தெரியும். எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. வெளிநாட்டில் இருந்து குடியேற வருகிறவர்கள் வந்து இறங்கும் இடம் அது.

பகலில் வேலை. இரவில் சட்டப் படிப்பு. 1910-ம் ஆண்டில் வக்கீல் ஆனார்.

தையல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்காக வாதாடினார். ஏழைகளின் வக்கீல் என்று பெயர் எடுத்தார்.

1916-ம் ஆண்டுத் தேர்தலில் வென்று அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குப் போனார். அங்கே அவர் கொண்டுவந்த முதல் மசோதா என்ன தெரியுமா? ராணுவத்துக்குக் கெட்டுப்போன உணவும், மட்டமான சாமானும் விற்கும் வியாபாரிகளுக்குக் கடுந்தண்டனை கொடுக்கவேண்டும் என்பதுதான்!

அந்த மசோதா நிறைவேறவில்லை. ஆனால், தந்தைக்குச் செய்யவேண்டிய கடமையை மகன் செய்துவிட்டார்.

முதல் உலகப் போர் வந்தது. லாகார்டியா விமானப் படையில் சேர்ந்தார். இத்தாலிப் போர்முனையில் குண்டு வீசும் விமானம் ஓட்டினார். மேஜர் பதவியோடு திரும்பினார்.

இரண்டு சாவுகள்

1919-ம் ஆண்டு தியா என்ற அழகிய பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு பெண் குழந்தை பிறந்தது.

வீட்டில் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. காசநோய் புகுந்துவிட்டது. 1921-ம் ஆண்டில் குழந்தை இறந்தது. அதே ஆண்டு நவம்பரில் மனைவியும் கண்ணை மூடினார்.

ஒரே ஆண்டில் இரண்டு சவப்பெட்டிகள்!

அவர் இடிந்துபோனார். பல மாதம் நடைப்பிணம்போல் இருந்தார். பிறகு மெல்ல எழுந்தார். ஏழைகள் வாழும் இருட்டு வீடுகளில்தான் காசநோய் குடியிருக்கிறது என்பதை அவர் மறக்கவில்லை. பின்னாளில் அவர் கட்டிய வீடுகளுக்கும், திறந்த பூங்காக்களுக்கும் அந்தத் துயரமும் ஒரு காரணம்.

1929-ம் ஆண்டில் மேரி என்ற தம் காரியதரிசியை மணந்துகொண்டார். ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் தத்து எடுத்து வளர்த்தார்கள்.

மதுவிலக்கு படுத்திய பாடு

1920-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. நல்ல நோக்கத்தோடு கொண்டுவந்த சட்டம்தான்.

நடந்தது என்ன?

கள்ளச்சாராயம் பெருகியது. ரகசிய மதுக்கடைகள் முளைத்தன. ரவுடிக் கூட்டங்கள் கோடீசுவரர்கள் ஆயின. போலீசாரில் பலர் கையை நீட்டினார்கள்.

பெரிய நகரங்களில் மக்களில் பெரும்பாலோர் அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. மக்கள் ஏற்காத சட்டத்தை நிறைவேற்ற எத்தனை போலீசார் இருந்தாலும் போதாது என்று லாகார்டியா வாதாடினார். நியூயார்க் நகரத்துக்கு மட்டுமே லட்சக்கணக்கான போலீசார் தேவைப்படுவார்கள். அந்தப் போலீசாரைக் கண்காணிக்க இன்னொரு போலீஸ் படை தேவைப்படும் என்று கேலி செய்தார்.

1926-ம் ஆண்டு ஒரு வேடிக்கை செய்தார். பத்திரிகை நிருபர்களைத் தம் அலுவலகத்துக்கு அழைத்தார். மருந்துக் கடையில் விற்கும் டானிக் ஒன்றை எடுத்தார். கடையில் தாராளமாகக் கிடைக்கும் போதை இல்லாத பீரை அதில் கலந்தார். இரண்டும் சட்டப்படி விற்கும் சாமான்கள்தான். கலந்ததும் அது உண்மையான பீர் ஆகிவிட்டது! நிருபர்களுக்கு முன்னால் அதைக் குடித்தும் காட்டினார்.

பிறகு நியூயார்க்கில், மருந்துக் கடை ஒன்றில் அதையே திரும்பச் செய்தார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் அவரைக் கைது செய்யவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். மதுவிலக்குச் சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நாடே பார்த்துச் சிரித்தது.

1933-ம் ஆண்டு டிசம்பரில் மதுவிலக்குச் சட்டம் ரத்தாயிற்று.

மேயர் நாற்காலி

அந்த ஆண்டுத் தேர்தலில்தான் லாகார்டியா நியூயார்க் மேயர் ஆனார். 1934-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி பதவி ஏற்றார்.

காசு போட்டுச் சுழற்றும் சூதாட்டப் பெட்டிகள் அப்போது ஊரெல்லாம் இருந்தன. சிறுவர்கள்கூட அதில் காசைத் தொலைத்தார்கள். மேயர் அவற்றைப் பறிமுதல் செய்தார். சம்மட்டியை எடுத்துத் தாமே அடித்து நொறுக்கினார். ஆயிரக்கணக்கான பெட்டிகள் கடலில் வீசப்பட்டன.

தீ விபத்து என்றால் ஓடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவில் மக்களோடு பேசுவார். 1945-ம் ஆண்டில், பத்திரிகை வினியோகிக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குழந்தைகளுக்குப் படக்கதை படிக்க முடியவில்லை. மேயரே ரேடியோவில் குரலை மாற்றி மாற்றிப் படக்கதை படித்துக் காட்டினார்!

சூதாட்டத்தை வெறுத்தவர். குற்றவாளிகளை விரட்டியவர். இப்படிப்பட்டவர்தான் கஞ்சாவைப் பற்றி விசாரிக்கத் துணிந்தார்.

கஞ்சாப் பீதி

அமெரிக்காவில் கஞ்சாவுக்கு மரிஹுவானா என்று பெயர். மெக்சிகோவில் இருந்து வந்த கூலிக்காரர்களும், கறுப்பு இனத்து ஏழைகளும், சங்கீதக்காரர்களும் அதைப் புகைத்தார்கள்.

1930-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் போதைப்பொருள் இலாகா ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் ஆரி ஆன்ஸ்லிங்கர். கஞ்சா புகைத்தால் பைத்தியம் பிடிக்கும், கொலை செய்யத் தோன்றும் என்று அவர் மேடையிலும் பத்திரிகையிலும் பிரசாரம் செய்தார். கஞ்சாவைக் கொலைகாரப் பேயாகக் காட்டும் சினிமாவும் வந்தது.

பெற்றோர் நடுங்கினார்கள். தங்கள் பிள்ளைகள் என்ன ஆவார்களோ என்று கலங்கினார்கள். கஞ்சாவைக் கண்ணால் பாராதவர்கள்கூட அதற்குச் சட்டம் வேண்டும் என்றார்கள்.

1937-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி சட்டம் வந்தது. வரிச் சட்டம் என்று பெயர். உண்மையில் அது தடைச் சட்டம்தான். மீறினால் 5 ஆண்டு வரை சிறை!

அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பிரதிநிதி மட்டும் பாராளுமன்றக் குழுவின் முன் எதிர்ப்புத் தெரிவித்தார். சொல்லப்படும் குற்றச்சாட்டுகளுக்குச் சான்று எங்கே என்று கேட்டார். அவர் பேச்சு எடுபடவில்லை.

டாக்டர்கள் குழு

நியூயார்க்கிலும் பீதி பரவியது. பள்ளிப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று செய்திகள் வந்தன.

லாகார்டியாவுக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. பனாமா கால்வாய்ப் பகுதியில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சிலர் கஞ்சா புகைத்தார்கள். ராணுவம் விசாரித்தது. பெரிய கெடுதல் இல்லை என்று சொன்னது. பாராளுமன்றத்தில் இருந்தபோது அவர் அதை அறிந்திருந்தார்.

ராணுவம் ஒன்று சொல்கிறது. போதைப்பொருள் இலாகா வேறொன்று சொல்கிறது. எது உண்மை?

நியூயார்க் வைத்தியக் கழகத்தை அவர் அணுகினார். 1939-ம் ஆண்டு ஜனவரியில் குழு அமைந்தது. டாக்டர்கள், மனநோய் நிபுணர்கள், மருந்து ஆராய்ச்சியாளர்கள் அதில் இருந்தார்கள்.

ஆராய்ச்சி இரண்டு வழியில் நடந்தது.

முதல் வழி, ஊருக்குள் போய்ப் பார்ப்பது. ஆறு போலீசார் சாதாரண உடையில் அனுப்பப்பட்டார்கள். கஞ்சா புகைக்கும் இடங்களுக்குப் போய், அவர்கள் பழகிப் பார்த்தார்கள். ஆர்லெம் பகுதியில் மட்டும் அப்படிச் சுமார் 500 இடங்கள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். பள்ளிக்கூடங்களின் பக்கமும் கண் வைத்தார்கள்.

இரண்டாவது வழி, ஆஸ்பத்திரிச் சோதனை. 77 பேரை டாக்டர்கள் சோதித்தார்கள். அவர்களில் 72 பேர் சிறைக் கைதிகள். ஆராய்ச்சிக்குச் சம்மதித்து வந்தவர்கள். கஞ்சா கொடுத்து, நாடித் துடிப்பையும், அறிவுத் திறனையும், மன நிலையையும் குறித்துக்கொண்டார்கள்.

இப்படி ஓர் ஆராய்ச்சி இந்தியாவிலும் முன்பே நடந்திருந்தது. 1893-ம் ஆண்டு பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு கமிஷனை வைத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை அது விசாரித்தது. அளவுக்கு மீறினால் கஞ்சா கெடுதல்தான் என்றது. ஆனால் அடியோடு தடை செய்ய வேண்டாம், வரியும் லைசென்சும் வைத்துக் கட்டுப்படுத்தலாம் என்று யோசனை சொன்னது.

அறிக்கை சொன்னது என்ன?

நியூயார்க் குழுவின் அறிக்கை 1944-ம் ஆண்டில் வெளிவந்தது.

பெரிய குற்றங்களுக்குக் கஞ்சா காரணம் அல்ல. பள்ளிப் பிள்ளைகளிடம் அது பரவவில்லை. அபினுக்கு அடிமை ஆவதுபோல் மனிதன் அதற்கு அடிமை ஆவதில்லை. கஞ்சா புகைத்தவன் அடுத்து மார்பியா, ஹெராயினுக்குப் போய்விடுவான் என்பதும் சரி அல்ல. ஊரெல்லாம் நடந்த பயங்கரப் பிரசாரத்துக்கு ஆதாரம் இல்லை. இதுதான் முடிவு.

அதற்காக, கஞ்சா நல்லது என்று டாக்டர்கள் சான்றிதழ் கொடுத்துவிடவில்லை. புகைத்தவர்களின் அறிவுத் திறன் மங்கியதை எழுதினார்கள். சிலருக்குப் பயமும் குழப்பமும் வந்ததை எழுதினார்கள். ஒரு சிலருக்குப் புத்தி தடுமாறியதையும் மறைக்கவில்லை.

மேயரும் அப்படியே நடந்துகொண்டார். அறிக்கைக்கு அவர் முன்னுரை எழுதினார். கஞ்சாவின் கெடுதல்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்று தெரிந்ததில் தமக்கு மகிழ்ச்சி என்றார். ஆனால், இதைக் கஞ்சா புகைக்க அனுமதியாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்றார். முழு ஆராய்ச்சியும் முடிந்து சட்டம் திருத்தப்படும் வரையில், இருக்கிற சட்டத்தைத் தாம் நிறைவேற்றத்தான் போவதாகவும் தெரிவித்தார்.

உண்மையை மறைக்கவும் இல்லை. சட்டத்தை மீறவும் இல்லை.

எதிர்ப்புப் புயல்

ஆன்ஸ்லிங்கர் சீறினார். அறிக்கை இளைஞர்களைக் கெடுத்துவிடும் என்றார்.

1937-ம் ஆண்டில் சான்று கேட்ட அதே வைத்தியச் சங்கம், இப்போது கட்சி மாறியது! 1945-ம் ஆண்டு ஏப்ரலில் அதன் பத்திரிகை அறிக்கையைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியது. அதிகாரிகள் இந்த அறிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம் என்றது.

சிறையில் இருந்தவர்களைச் சோதித்துவிட்டு, ஊர் முழுவதற்கும் முடிவு சொல்லலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு வழி, இன்னும் நன்றாக ஆராய்வதுதான். யாரும் ஆராயவில்லை. அறிக்கை மூலையில் போடப்பட்டது.

1945-ம் ஆண்டு முடிவில் லாகார்டியா மேயர் பதவியில் இருந்து விலகினார். போரில் பட்டினி கிடந்த நாடுகளுக்கு உணவு அனுப்பும் சர்வதேச அமைப்புக்குத் தலைமை வகித்தார். அதற்குள் புற்றுநோய் அவரைப் பிடித்துக்கொண்டது.

1947-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி காலமானார். அவருக்கு வயது 64. நியூயார்க்கின் விமான நிலையம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மக்கள் மனம் மாறியது

அவர் மறைந்த பிறகு சட்டம் இன்னும் கடுமை ஆயிற்று. 1951, 1956-ம் ஆண்டுச் சட்டங்கள் குறைந்தபட்சச் சிறைத் தண்டனையைக் கட்டாயம் ஆக்கின. 1970-ம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் சேர்த்தது.

1972-ம் ஆண்டில் ஜனாதிபதி நிக்சன் காலத்தில் ஒரு கமிஷன் ஆராய்ந்தது. சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பவர்களைக் குற்றவாளி ஆக்கவேண்டாம் என்று அது சொன்னது. நிக்சன் ஏற்கவில்லை.

ஆனால், மக்கள் கருத்து மெல்ல மெல்ல நகர்ந்தது. காலப் என்ற நிறுவனம் அமெரிக்க மக்களிடம் கருத்துக் கேட்டு வந்தது. கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாம் என்றவர்கள் 1969-ம் ஆண்டில் 100-க்கு 12 பேர். 2000-ம் ஆண்டில் 31 பேர். 2013-ம் ஆண்டில் 58 பேர். 2023-ம் ஆண்டில் 70 பேர்!

ஏன் இந்த மாற்றம்?

வலியாலும் குமட்டலாலும் துடித்த நோயாளிகளுக்கு அது உதவியதைக் குடும்பங்கள் கண்டன. 1996-ம் ஆண்டில் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு மருந்துக்கு அனுமதித்தார்கள்.

சிறிதளவு கஞ்சாவுக்காக வாலிபர்கள் கைதாவதையும் மக்கள் கண்டார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அதைப் புகைத்தார்கள். ஆனால், 2010-ம் ஆண்டுக் கணக்குப்படி, வெள்ளையரைவிட ஏறத்தாழ 4 மடங்கு அதிகமாகக் கறுப்பர்கள் கைதானார்கள். கைதானவனுக்கு வேலை கிடைப்பது கடினம். வீடு கிடைப்பதும் கடினம்.

2012-ம் ஆண்டில் கொலராடோ, வாஷிங்டன் மாநில மக்கள் ஓட்டுப் போட்டு, வயது வந்தவர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள்.

கடைசியில் லாகார்டியாவின் சொந்த மாநிலமும் மாறியது. 2021-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி, 21 வயது நிரம்பியவர்களுக்குக் கஞ்சாவை அனுமதிக்கும் சட்டம் நியூயார்க் மாநிலத்தில் வந்தது. அறிக்கை வெளிவந்து 77 ஆண்டுகள் ஆகிவிட்டன!

பயம் போனதால் ஆபத்தும் போய்விட்டது என்று அர்த்தம் அல்ல. பின்னால் நடந்த ஆராய்ச்சிகள், கஞ்சாவை விட முடியாமல் தவிப்பவர்களும் உண்டு என்று காட்டின. சிறு வயதிலேயே தொடங்கி நிறையப் புகைப்பவர்களுக்கு மனநோய் வரும் அபாயம் கூடுகிறது. இப்போது விற்கும் சரக்கு, அந்தக் காலத்துச் சரக்கைவிடப் பல மடங்கு வீரியம் உள்ளது. 1944-ம் ஆண்டு டாக்டர்கள் சொன்னதில் சில, பின்னால் திருத்தப்படவேண்டியவை ஆயின.

லாகார்டியா இருந்திருந்தால் இதற்காக வருந்தமாட்டார். புதிய ஆராய்ச்சி வந்தால் அதையும் வாங்கிப் படித்திருப்பார். கப்பல் ஏறும் முன் சோதிக்கவேண்டும் என்று பியூம் துறைமுகத்தில் சண்டை போட்டவர் அவர். ஒருவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தையும் அப்படிச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பதே அவர் கேட்டது.